படி வந்தால் நிற்கிறான்

"பழைய டாக்டர் சொன்னதை இப்பவே சொல்லிட்டா நீங்களும் அதையேதான் சொல்வீங்க, டாக்டர். முதல்ல நீங்க பாருங்க."

சொன்னது தையல்கடை அம்மா. கடையிலிருந்து நேராக வந்திருக்க வேண்டும். அளவு நாடா கழுத்திலேயே தொங்கியது. பக்கத்து நாற்காலியில் அவளுடைய மருமகன், லிஃப்ட் மெக்கானிக். இருவருடைய கால்களிலும் சமமாகச் சாய்ந்தபடி ஒரு நாய் உட்கார்ந்திருந்தது.

கால்நடை மருத்துவர் நாயைப் பார்த்தார். நாய்க்குட்டி, இடுப்பு மூட்டு, ஒரு டாக்டர் பார்த்தாச்சு, உங்க அபிப்பிராயமும் வேணும் என்று ஃபோனில் சொல்லியிருந்தார்கள்.

"இதையா குட்டின்னு சொன்னீங்க?"

"எங்களுக்குக் குட்டிதான்," என்றான் மெக்கானிக். "வந்த புதுசுல என் டூல்ஸ் பைக்குள்ளதான் தூங்குவான்."

பெயர் துரை. அதற்கேற்ற தோரணையோடுதான் உட்கார்ந்திருந்தது.

என்ன தொந்தரவு என்று கேட்டதும் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு மாறி மாறிச் சொன்னார்கள்.

படி வந்தால் நின்றுவிடுகிறான். சொன்னால்தான் ஏறுகிறான். தெருவில் பந்து உருண்டு போனால் துரத்துவதில்லை. நாம் நின்றால் அவனும் உட்கார்ந்துவிடுகிறான். ஓட்டமே கிடையாது, இடது பக்கம் ஒட்டிக்கொண்டு நிதானமான நடை.

"எந்திரிக்கும்போது ஒரு சத்தம் வேற கேக்குது டாக்டர். பேரிங் தேஞ்சா வருமே, அந்த மாதிரி."

"நாய்க்கு ஏது மாப்பிள்ளை பேரிங்?"

"எல்லாத்துக்கும் இருக்கு அத்தை."

மருத்துவர் சிரிக்கவில்லை. இந்த வயதில் ஓடாத நாயும் படிக்குத் தயங்கும் நாயும் பெரும்பாலும் இடுப்பு மூட்டுக் கோளாறில்தான் கொண்டுபோய் விடும். கெட்ட செய்தி சொல்வதற்கென்று அவரிடம் ஒரு தாழ்ந்த குரல் இருந்தது. அதை மனதுக்குள் எடுத்து வைத்துக்கொண்டார்.

பின்னங்காலை நீட்டினார், மடக்கினார், மெல்லச் சுழற்றினார். துரை முகம் சுளிக்கவில்லை. அவருடைய மணிக்கட்டை ஒருமுறை நக்கிவிட்டு, மேற்கொண்டு நடக்கட்டும் என்பதுபோல் இருந்தது.

லேசாக மயக்கம் கொடுத்து எக்ஸ்ரே எடுத்தார்கள்.

மெக்கானிக் அந்த அறைக் கதவையே பார்த்துக்கொண்டு நின்றான். அவன் சட்டைப் பையில் ஃபோன் அதிர்ந்தது.

"உங்க பொண்ணு, அத்தை."

"எடுக்காதீங்க."

எடுக்கவில்லை. ஃபோன் தானாக அடங்கும்வரை இருவரும் மூச்சுவிடாமல் இருந்தார்கள்.

படம் திரையில் வந்தது. மருத்துவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். இரண்டு பக்கமும் குழிக்குள் எலும்பு அச்சில் வார்த்ததுபோல் பொருந்தியிருந்தது. எடுத்து வைத்திருந்த குரலைச் சந்தோஷமாகத் திரும்ப உள்ளே வைத்தார்.

"ஒண்ணுமே இல்ல. இவ்வளவு அழகான இடுப்பைப் பார்த்து ரொம்ப நாளாச்சு. நிம்மதியா வீட்டுக்குப் போங்க."



தையல்கடை அம்மா அளவு நாடாவைக் கழுத்திலிருந்து இழுத்து, விரலில் சுற்ற ஆரம்பித்தாள். கடைசி அங்குலம்வரை சுற்றினாள்.

"பழைய டாக்டரும் இதையேதான் சொன்னார்," என்றான் மெக்கானிக்.

மருத்துவருக்குப் புரியவில்லை. பிறகு எதற்கு இவ்வளவு தூரம் வந்தார்கள்?

துரை விழித்து, தள்ளாடி எழுந்தது. தெருவில் இறங்குவதற்கு முன் போட்டே ஆகவேண்டும் என்பதால் மெக்கானிக் பையிலிருந்து ஒரு நீல அங்கியை எடுத்து அதன் முதுகில் மாட்டினான். வளர வளர இருபுறமும் பிரித்து, துணி சேர்த்துத் தைத்திருந்தது. தையல் மிகவும் சுத்தமாக இருந்தது. நடுவில் வெள்ளை எழுத்து.

பார்வையற்றவருக்கு வழிகாட்டப் பழகுகிறேன். தயவுசெய்து தொடாதீர்கள்.

மருத்துவர் அதைப் படித்தார். படி, பந்து, இடது பக்கம், நின்றால் உட்காருவது. அவர்கள் சொன்ன எதுவும் நோயில்லை. அந்தச் சத்தம் போக, அத்தனையும் பாடம்.

"என் பொண்ணுதான் ஆசைப்பட்டு, பயிற்சிப் பள்ளிக்கூடத்துலேருந்து வளர்க்க வாங்கினா," என்றாள் அந்த அம்மா. "வெள்ளிக்கிழமை இவனைத் திருப்பிக் கூட்டிட்டுப் போக அவங்க வேன் வருது. குடுக்கறதுக்குத்தானே வளர்த்தோம்ங்கறா. சொல்லிட்டு நல்லாச் சாப்பிடவும் செய்யறா. நாங்க இங்க வந்தது அவளுக்குத் தெரியாது."

"மூட்டு சரியில்லன்னா அங்க சேர்த்துக்க மாட்டாங்க டாக்டர்," என்றான் மெக்கானிக், தரையைப் பார்த்து. "வளர்த்த வீட்டுக்கே குடுத்துடுவாங்க."

"அங்க இவனுக்காக யாராவது காத்திருப்பாங்களே," என்றார் மருத்துவர்.

"இருப்பாங்க." அந்த அம்மா நாடாச் சுருளைக் கைக்குள் மூடிக்கொண்டாள். "அதை நினைக்காம இல்ல."

இருவரும் கிளம்பினார்கள். மயக்கம் முழுதாகத் தெளியாத துரை, முன்னங்கால்கள் பின்ன, அவளுடைய இடது பக்கமாக நடந்தது. வாசலில் ஒரே ஒரு படி. இறங்க வேண்டிய படி.

துரை நின்றது.

கண்கள் பாதி மூடியிருந்தன. உடம்பு ஆடியது. ஆனாலும் அவள் முழங்காலில் ஒட்டி நின்று, அவளுடைய பாதம் விளிம்பைத் தொட்டுத் தெரிந்துகொள்வதற்காகக் காத்திருந்தது.

நன்றாகவே கண் தெரிகிற அவள் பாதத்தை நகர்த்தவில்லை. அப்படியே தலையை மட்டும் திருப்பினாள்.

"பாருங்க டாக்டர், இப்பவும் நிக்கிறான். நீங்களே பார்த்தீங்க. பொய்யா எதுவும் எழுத வேண்டாம். படி வந்தா நிக்கிறான்னு, அதை மட்டும் எழுதிக் குடுங்களேன்."