வெர்னா பெரியம்மாவின் மௌனம்

வெர்னா பெரியம்மா திரையில் வந்ததும் ஊர்க் கூடமே கைதட்டியது.

"ஏய் வெர்னா, பெரிய நட்சத்திரம் ஆயிட்டே! போறப்ப கையெழுத்துப் போட்டுட்டுப் போ!" என்று பின்னாலிருந்து யாரோ கத்தினார்கள்.

"வாயை மூடிக்கிட்டுப் படத்தைப் பாரு," என்றாள் பெரியம்மா. ஆனாலும் முகமெல்லாம் பூரிப்பு.

ஞாயிற்றுக்கிழமை மதியம். ஜன்னல்களைக் கம்பளியால் மறைத்துவிட்டு ஊர் மொத்தமும் உட்கார்ந்திருந்தது. கனடாவில், ஹூரான் ஏரிக்கரையின் இந்த அனிஷினாபே பழங்குடி ஊரில் ஒரு படத்துக்காக பிங்கோ ஆட்டத்தைத் தள்ளிவைப்பது லேசுப்பட்ட காரியமில்லை. பிரதமரே வந்திருந்தாலும் தள்ளிவைத்திருக்க மாட்டார்கள்.

படத்தை எடுத்த லெனோர் முன்வரிசையில் பெரியம்மாவுக்குப் பக்கத்தில் இருந்தாள். இதே படத்தை எத்தனையோ விழாக்களில், கோட்டு போட்டவர்களுக்கு நடுவே உட்கார்ந்து பார்த்தவள்தான். அங்கெல்லாம் வராத பயம் இங்கே வந்தது.

இது அவளுடைய ஐந்தாவது படம். கைக்குழந்தையாக இருந்தபோதே பழங்குடிக் குழந்தைகள் பலரைப் போல அவளையும் அரசாங்க ஆட்கள் தூக்கிக்கொண்டு போய் டொராண்டோவில் ஒரு வெள்ளைக்காரக் குடும்பத்திடம் கொடுத்துவிட்டார்கள். பெற்றவள் டோரீனை அவள் கல்லறையில்தான் வந்து பார்த்தாள். அப்பா யாரென்று எந்தத் தாளிலும் இல்லை. நாலு படத்திலும் இரண்டு புத்தகத்திலும் அடுத்தவர்கள் கதையைச் சொல்லிச் சொல்லிப் பேர் வாங்கியவள், இதில்தான் தன் சொந்தக் கேள்வியைக் கேட்கத் துணிந்தாள்.

கடைசிக் காட்சி வந்தது. பெரியம்மாவின் சமையலறை. கேமராவுக்குப் பின்னாலிருந்து லெனோரின் குரல்.

"என் அப்பா யாரு, பெரியம்மா?"

திரையில் பெரியம்மா ஒன்றும் சொல்லவில்லை. அவள் பார்வை கேமராவை விட்டுக் கொஞ்சம் விலகியது. உதடு குவிந்து, முன்னே நீண்டு, அடங்கியது. பிறகு மேசைத் துணியை நீவிவிட ஆரம்பித்தாள். திரை இருண்டது.

இந்த மௌனத்துக்குத்தான் பரிசெல்லாம். அழுகையை அடக்கும் உதடு என்று பத்திரிகைகள் எழுதின. வாய் பூட்டப்பட்ட ஒரு தலைமுறையின் சாட்சி என்று லெனோரே தன் அடுத்த புத்தகத்தில் ஒரு அத்தியாயம் எழுதினாள். கல்லூரிகளில் அதைப் பாடமாக வைத்திருக்கிறார்கள்.

"ஹோ-லே!" என்று வியந்தது கூடத்தில் ஒரு குரல்.

சிரிப்பு ஒன்று கிளம்பி, பாதியிலேயே நின்றுபோனது. விளக்கைப் போட்டார்கள். நாற்காலிகள் கிறீச்சிட்டன. ஒவ்வொரு தலையாகப் பின்பக்கம் திரும்பியது.

லெனோரும் திரும்பினாள்.

ரொட்டியும் சூப்பும் வைத்திருந்த மேசைக்குப் பக்கத்தில் எர்வின் நின்றுகொண்டிருந்தார். ஊரில் மீன்பிடிக்கிறவர். படப்பிடிப்புக்கு நகரத்திலிருந்து வரவேண்டிய ஒலிக்காரன் வராமல் போனபோது, யாரும் கூப்பிடாமல் தானாக வந்து மைக் கம்பைத் தூக்கிப் பிடித்தவர். அந்தச் சமையலறையிலும் கேமராவை ஒட்டி அவர்தான் நின்றார்.

"எதுக்கு எல்லாரும் அவரையே பாக்கறாங்க?" என்றாள் லெனோர்.

"போடி பைத்தியக்காரி," என்று பெரியம்மா சிரித்துக்கொண்டே அவள் தொடையில் தட்டினாள். பிறகு அவள் முகத்தைப் பார்த்தாள். சிரிப்பு போய்விட்டது. "நான்தான் அன்னிக்கே சொன்னேனேம்மா."

"நீங்க ஒரு வார்த்தைகூடப் பேசலை."

"ஆளைத்தான் உதட்டால காட்டினேனே! பின்ன, விரலை நீட்டியா காட்டுவாங்க ஒரு மனுஷனை? அதுவும் பக்கத்துலயே நிக்கிறவனை?"

ஊரின் மொழியை டொராண்டோவில் மாலை வகுப்பில் படித்தவள் லெனோர். வினைச்சொல் எல்லாம் தலைகீழாக ஒப்பிப்பாள். உதட்டை மட்டும் யாரும் பாடத்தில் சேர்க்கவில்லை. அந்த முகத்தை எடிட்டிங் அறையில் எத்தனை தடவை ஓட்டி ஓட்டிப் பார்த்து அழுதிருக்கிறாள், கடவுளே!

"நீ ஒண்ணும் பேசாம டொராண்டோவுக்குக் கிளம்பிட்ட. உனக்கு வேண்டாம்போலன்னு நாங்களும் விட்டுட்டோம்," என்றாள் பெரியம்மா. "அடுத்தவ விஷயத்துல மூக்கை நுழைக்க நாங்க யாரு?"

எர்வின் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு முன்வரிசைக்கு வந்தார்.

"நீங்களாவது சொல்லியிருக்கலாமே?" லெனோருக்குக் கோபமா அழுகையா என்று அவளுக்கே தெரியவில்லை. "தினமும் என் பக்கத்துலதானே நின்னீங்க?"

"என் வாயால சொல்லக் கூச்சமா இருந்துச்சு. வெர்னாவைத்தான் சொல்லச் சொன்னேன். அவளும் காட்டினா." அவர் தரையைப் பார்த்துக்கொண்டே பேசினார். "அவ காட்டின உடனே, எல்லாரும் வெளிய போங்கன்னு நீ சொன்னே."

சொன்னாள்தான். தான் அழுவதை யாரும் பார்க்கக் கூடாது என்றுதான் அப்படிச் சொன்னாள்.

"அதுதான் உன் பதில்னு நினைச்சேன்," என்றார் எர்வின். "மைக்கைச் சுவத்துல சாத்திட்டு வீட்டுக்குப் போயிட்டேன்."