காவலுக்கு ஒரு ஆள்

கொழுந்து எடுக்கிற மலைக்குப் பெரிய சோடாப் போத்தல் நிறையத் தண்ணீர் சுமந்து வருகிற பொம்பளையை நீங்கள் எங்கேயாவது பார்த்திருக்கிறீர்களா?

வீரம்மா பார்த்ததில்லை. திம்புள்ளப் பக்கத்து அந்தத் தேயிலைத் தோட்டத்தில் அவள் கூடையோடு ஏறாத மலை கிடையாது. காலையில் ஒரு தேத்தண்ணி குடித்தால் சரி, மத்தியானம் வரை அங்கே யாரும் வாயை நனைக்க மாட்டார்கள். குடித்தால் போக வேண்டும். போக மறைவிடம் ஏது? தனக்கு ஒதுக்கிய செடி நிரையை விட்டு மேலே காட்டோரம் வரை ஏற வேண்டும். அதுவும் தனியாகப் போகிற வழக்கமில்லை. ஒருத்தி போனால் இன்னொருத்தி காவலுக்கு நிற்பாள்.

அப்படிப்பட்ட மலைக்குத்தான் வினோதா போத்தலோடு வந்தாள்.

"என்ன புள்ள, குளிக்கவா வந்த?" என்றாள் வீரம்மா.

"ஒடம்பக் கொறைக்கப் போறேன் சின்னம்மா. மொதல்ல தண்ணி நெறையக் குடிக்கணும்னு கிளினிக்ல மிஸ்ஸி சொல்லிட்டாங்க. மத்ததெல்லாம் பொறகுதானாம்."

நிரை முழுக்கச் சிரித்தது. வினோதாவும் கூடவே சிரித்தாள். ரெண்டு பிள்ளை பெற்ற கனத்த உடம்புதான். ஆனால் கூடை நிரப்புவதில் அவளை முந்த ஆளில்லை.

அதோடு போயிருந்தால் வீரம்மாவுக்கு ஒன்றுமில்லை. ஆனால் வினோதா தினமும் காவலுக்குக் கூப்பிட்டது வீரம்மாவின் மருமகள் தனுஜாவை.

போன தையில் கல்யாணமாகி டயகமவிலிருந்து வந்த பெண் அவள். அங்கே கடையில் வேலைக்கு நின்றவள், கொழுந்துக்குப் புதுசு. கை இன்னும் ஓடவில்லை. நிறுவையில் கிலோ குறைந்தால் கங்காணி அரைப்பேர்தான் போடுவார், பாதி நாள் உழைப்பு வீண். அந்தக் கவலையில் வீரம்மா இருக்கும்போதே மேல் நிரையிலிருந்து குரல் வரும்.

"தனுஜா, காவலுக்கு வா புள்ள."

"ஒனக்கு வேற ஆளே கெடைக்கலயா?" என்பாள் வீரம்மா.

"இவதான், சின்னம்மா, சொன்ன எடத்துல நிப்பா. மத்தவளுக கதை பேசிக்கிட்டே திரும்பிப் பாத்துருவாளுக."

கங்காணி மாயாண்டிகூட, "வினோதாவுக்குக் காட்டோரத்துலயே நிரை குடுத்துருவோம், எறங்கி ஏறுற வேல மிச்சம்" என்று கிண்டலடித்தார்.

நாளாக நாளாக வீரம்மாவுக்கு எரிச்சல் ஏறியது. "போத்தல்தான் காலியாகுது. இடுப்பு அப்புடியேதான இருக்கு?"

"நான் இன்னும் மொத படியிலதான நிக்கிறேன் சின்னம்மா. சோத்தக் கொறைக்கிறது அடுத்த படி. அத நெனச்சாலே பசிக்குது."

ஒரு நாள் பயந்தபடியே தனுஜாவுக்கு அரைப்பேர் விழுந்தது.

மறுநாள் காலை வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டில் எல்லாரும் கூடி நிற்கும்போது வீரம்மா பிடித்துக்கொண்டாள்.

"ஒடம்பு ஏறுனது ஒனக்கு, கிலோ எறங்குறது எம் மருமகளுக்கா? இனிமே அவ எவளுக்கும் காவலுக்கு வர மாட்டா."

வினோதா என்னமோ சொல்ல வாயெடுத்தாள். தனுஜா தலையைக் குனிந்துகொண்டாள். அவளைப் பார்த்த வினோதா, "சரி சின்னம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்தாள்.

அன்றைக்கு மேல் நிரையிலிருந்து யாரும் கூப்பிடவில்லை. தனுஜாவின் கூடையும் கொஞ்சம் கொஞ்சமாக நிறைந்தது. வீரம்மாவுக்குத் திருப்தி.

வெயில் உச்சிக்கு வருகிற நேரம். இடுப்பைப் பிடித்துக்கொண்டு தேயிலைச் செடிகளுக்கு நடுவே உட்கார்ந்துவிட்டாள் தனுஜா. முகமெல்லாம் வேர்வை.

வீரம்மா கூடையைப் போட்டுவிட்டு ஓடினாள். "என்னடி, குளவி கொட்டிருச்சா?"

"இல்ல மாமி. கிட்னில கல்லு இருக்காம். தண்ணி குடிக்காம இருந்தா பெருசாயிரும்னு ஆஸ்பத்திரியில சொன்னாங்க."

"என்கிட்டச் சொல்ல என்னடி?"

"வந்த ஒடனேயே சீக்காளினு பேர் வாங்க பயமா இருந்துச்சு மாமி. நெரைய விட்டு அடிக்கடி போனா கங்காணி ஏன்னு கேப்பாரு, அவருகிட்ட எப்புடிச் சொல்றது? வினோதாக்காகிட்ட மட்டுந்தான் அழுதேன்."

"அப்ப அவ கொண்டாந்த தண்ணி?"

"நான்தான் குடிப்பேன். போறதும் நான்தான். காவலுக்கு நிக்கிறது அக்கா."

வீரம்மா மேல் நிரைக்கு ஏறினாள். வினோதாவின் கூடைக்குப் பக்கத்தில் போத்தல் மூடி திறக்காமல் இருந்தது. அதை எடுத்து வந்து மருமகளைக் குடிக்க வைத்தாள். கைத்தாங்கலாகக் காட்டோரம் கூட்டிப்போய், முதுகைக் காட்டிக் காவலுக்கு நின்றாள்.

திரும்பி வந்து போத்தலை இருந்த இடத்தில் வைத்தபோது வினோதா நிமிரவில்லை. கை பாட்டுக்குக் கொழுந்து கிள்ளிக்கொண்டிருந்தது.

கங்காணி கீழே யாரையோ விரட்டிக்கொண்டிருந்தார். அவர் காதில் விழாத குரலில் வீரம்மா சொன்னாள்:

"நாளைக்கும் அவளக் காவலுக்குக் கூப்புடு ஆத்தா. நாலு பேரு கேக்க நான் ஒன்னய ஏசுவேன், நீ காதுல வாங்காம அவளக் கூட்டிக்கிட்டுப் போயிரு."