செவில்லாவின் சுழல்பெட்டி

கிட்ட வந்து உட்காருங்கள், கண்ணுகளா. கடல் தாண்டி நடந்த கதை ஒன்று சொல்கிறேன். சின்னதுதான், சீக்கிரம் முடிந்துவிடும்.

தூத்துக்குடிக்காரி ஒருத்தி வரிசையில் நின்றாள்.

செவில்லா. ஸ்பெயின் தேசத்துப் பழைய ஊர். சந்து முழுக்க ஆரஞ்சு மரங்கள், பூத்திருந்தன. கூரைகளுக்கு மேலே பேராலயத்துக் கோபுரம். ஒரு காலத்தில் அது பள்ளிவாசல் மினாராம்.

வரிசை ஒரு கன்னியர் மடத்துக்குள் போனது. உள்ளே சுவரில் ஒரு மரப்பெட்டி, பீப்பாய் மாதிரி. காசை வைத்தால் உள்பக்கம் சுழலும். இனிப்போடு திரும்பி வரும். கொடுக்கிற கன்னியரின் முகம் தெரியாது. அவர்கள் யார் கண்ணிலும் படுவதில்லை.

அவர்களில் ஒருத்தி அவள் மகள், ஜெசிந்தா.

ஈஸ்டர் கழிந்ததும் ஜெசிந்தாவுக்கு நித்திய வார்த்தைப்பாடு, சாகும்வரை மடத்திலேயே இருப்பேன் என்ற சத்தியம். அதன் பிறகு இந்தச் சுவரைத் தாண்டமாட்டாள்.

அதற்கு முன்னால் கூட்டிக்கொண்டு போய்விடலாம் என்றுதான் தூத்துக்குடியிலிருந்து யாத்திரைக் கூட்டத்தோடு வந்தாள். புண்ணியம் என்று, ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில் வந்தாள். தவக்காலத்தில் மடத்தில் யாரையும் பார்க்க விடமாட்டார்கள். அது வந்த பிறகுதான் தெரிந்தது.

இனிப்பு மட்டும் விற்பார்கள்.

"மைனி, பஸ்காரன் ஹாரன் அடிச்சே சாவான் போல," என்றாள் கூட வந்த இஞ்ஞாசி. "இன்னும் நின்னா உங்களுக்கும் ஒரு அங்கிய மாட்டி உள்ள தள்ளிருவாவ."

"நீ போ. வாரேன்."

அவள் முறை வந்தது.

உள்ளேயிருந்து ஒரு கிழக்குரல் ஸ்பானிய மொழியில் தோத்திரம் சொன்னது. பதில் தோத்திரம் அவளுக்குத் தெரியாது.

காசு வைக்கவில்லை. எவர்சில்வர் சம்படத்தை வைத்தாள். நிறைய மக்ரூன். வெள்ளைக்கருவை நுரைக்க அடித்து, முந்திரி போட்டு, அவளே சுட்டது.

மரத்தில் வாயை வைத்துச் சொன்னாள்.

"ஜெசிந்தா. அம்மா வந்திருக்கேன். வெளிய பஸ் நிக்கி. வந்துரு மக்கா."

பெட்டி சுழன்றது. கிழவியின் காலடிகள் போயின.

பின்னால் நின்றவர்கள் பொறுத்துக்கொண்டார்கள். ஒருவர் இருமினார்.

பிறகு வேறு காலடி. குதிகால் தேய்த்து நடக்கிற நடை. அவள் பெற்ற நடை.

பெட்டிக்கு அந்தப் பக்கம் அது நின்றது.

சம்படத்தைப் பெட்டியில் வைக்கிற சத்தம் கேட்டது.

"பாத்துப் போங்கம்மா."

பெட்டி திரும்பியது. சம்படம் கழுவித் துடைத்திருந்தது. கனத்தது.

திறந்தாள். விளிம்புவரை மஞ்சள்கரு இனிப்பு. ஒவ்வொன்றும் தாளில் சுற்றி.

அவர்கள் தெருவில், பலகாரம் வந்த பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கமாட்டார்கள். ஒரு பிடி சீனியாவது போட்டுக் கொடுப்பார்கள்.

அது அடுத்த வீட்டுப் பாத்திரத்துக்கு. அம்மா வீட்டுப் பாத்திரத்துக்கு இல்லை.

அவள் மூடியை அழுத்தி மூடினாள். மரத்தில் ஒருமுறை உள்ளங்கையை வைத்தாள். பின்னால் நின்றவருக்கு வழிவிட்டாள்.

பஸ்ஸில் இஞ்ஞாசி ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள்.

"நல்லாத்தான் இருக்கு. யாரு மைனி குடுத்தா?"

அவள் ஜன்னல் பக்கம் பார்த்தாள். சுவர் நகரத் தொடங்கியிருந்தது.

"அந்த வீட்டுக்காரி."

கேட்டீர்களே, உங்கள் வீட்டுப் பிள்ளைகள் எந்த ஊரில் தலை சாய்த்தாலும் நிம்மதியாகத் தூங்கட்டும்.