தீவிலிருந்து வந்த புழு

லீலா மேடம் எல்லோரையும் திரைக்கு அருகே வரச் சொன்னபோது, நான் மட்டும் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தேன்.

திரையில் இருந்தது என் புழு.

அந்தமானுக்குத் தெற்கே ஆள் இல்லாத ஒரு தீவு. அங்கே பாறை இடுக்குகளில் எடுத்த சின்னப் பிராணிகள் ஆல்கஹால் புட்டிகளில் மைசூருக்கு வரும். அவற்றில் நகக்கண் அளவு வெட்டி, டி.என்.ஏ. பிரித்து, அது இன்ன உயிர் என்று சொல்வது எங்கள் ஆய்வக வேலை.

எல்லாம் முதுகெலும்பு இல்லாதவை. யாரும் அதிகம் கவனிக்காதவை. சேர்ந்த முதல் நாளே எனக்கு அவற்றோடு ஒத்துப்போய்விட்டது.

நான் கடலைப் பார்த்ததில்லை. சாமுண்டி மலை மேல் ஏறி நின்றாலும் தெரியாது.

ஜனவரியில் அந்தத் தீவுக்குக் கப்பல் போகிறது. எங்களுக்கு ஒரே ஓர் இடம். புது இனம் கண்டுபிடிப்பவருக்கு என்று மேடம் சொல்லியிருந்தார்.

என் புட்டியில் இருந்த வெள்ளைப் புழுவின் டி.என்.ஏ. எந்தக் கடல் புழுவோடும் பொருந்தவில்லை. புதுசா என்று மேடம் கேட்டார். தலையாட்டினேன்.

பேசக் கூச்சப்படுகிறவர்களுக்குத் தலையாட்டுவது பெரிய வசதி. நீச்சல் தெரியுமா என்று கேட்டபோதும் ஆட்டினேன். சேர்ந்த புதிதில், அப்பா என்ன செய்கிறார் என்று பக்கத்து மேசை கவின்ராஜ் கேட்டான். துணித் தொழில் என்றேன். சொந்த மில்லா என்றான். அதற்கும் ஆட்டினேன். அன்றிலிருந்து அவனுக்கு நான் ‘ஓனர்’.

கப்பல் விஷயத்தை அம்மாவிடம்கூடச் சொல்லிவிட்டேன். உப்புத் தண்ணீரில் குளித்தால் முடி கொட்டும் என்பதோடு அம்மாவின் மகிழ்ச்சி முடிந்துவிட்டது. நான் மனதுக்குள் புழுவுக்கு லத்தீன் பெயர் வைத்துக்கொண்டிருந்தேன். முதல் பாதி மேடம் பெயர். அடக்கம் கருதி இரண்டாம் பாதிதான் என்னுடையது.

இன்று திங்கள்கிழமை. எங்கள் ஊர் ராமாபுரத்தில் முதல் பஸ்ஸைப் பிடித்து, நேற்றுப் பின்னிய சடையோடு நேராக ஆய்வகத்துக்கு வந்திருந்தேன்.

ஆய்விதழுக்கு எழுதி அனுப்புவதற்கு முன் உலகத்தில் உள்ள எல்லா உயிர்களோடும் ஒருமுறை ஒப்பிட்டுவிடலாம் என்றார் மேடம். நான் கடல் புழுக்களோடு மட்டும்தான் ஒப்பிட்டிருந்தேன். கடலில் கிடைத்ததைக் கடலில்தானே தேட வேண்டும்?

பொத்தானை அழுத்தினேன்.

கொஞ்ச நேரம் சுற்றியது. பிறகு விடை வந்தது. நூறு சதவீதப் பொருத்தம்.

பட்டுப்புழு.

மேடம் எல்லோரையும் திரைக்கு அருகே அழைத்தது அதன் பிறகுதான். கவின்ராஜ்தான் முதலில் வாயைத் திறந்தான்.

“ஓனர், தீவுல யாரோ மைசூர் சில்க்கைக் காயப் போட்டிருக்காங்க.”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரிக்காமல் இருந்தால் கவனிப்பார்கள்.

மேடம் சிரிக்கவில்லை. புழுவின் டி.என்.ஏ. சேலையிலிருந்து வராது என்றார். கொதிக்க வைத்து எடுத்த நூலில் ஒன்றும் மிஞ்சியிருக்காது. உயிருள்ள புழுவோடு புழங்குகிற யாரோ அப்படியே இங்கே வந்து புட்டியைத் திறந்திருக்கிறார்கள். இன்னும் எத்தனை புட்டிகள் கெட்டனவோ. அது யாராக இருந்தாலும் அவருக்குக் கப்பலில் இடம் இல்லை.

பிறகு ஒவ்வொரு முகமாகப் பார்த்தார்.

“யார் வீட்லயாவது பட்டுப்புழு வளர்க்கறீங்களா? இப்பவே சொல்லிடுங்க.”

எல்லோரும் இல்லை என்று தலையாட்டினார்கள்.

அதில் பலமாக ஆட்டியது நான்தான். பின்னல் ஒரு தோளிலிருந்து மறு தோளுக்குப் போய்த் திரும்பி வந்தது.

மேசை மேல் மெத்தென்று ஏதோ விழுந்தது.

வீட்டில் என் கட்டிலுக்கு மேலேதான் புழு வளர்க்கும் தட்டுகளை அடுக்கியிருக்கிறோம். விடியற்காலையில் எல்லாத் தட்டுக்கும் இலை போட்டுவிட்டுக் கிளம்பியிருந்தேன். ஆய்வகத்தில் கைக்கு எப்போதும் உறை போடுவேன். சடைக்குப் போட்டதில்லை.

“ஓனர்” என்றான் கவின்ராஜ், மிக மெதுவாக.

வெள்ளையாக, சுண்டுவிரலில் பாதி நீளத்தில் இருந்த அது நிதானமாகத் தலையைத் தூக்கி, எந்தத் தீவுக்கு வந்திருக்கிறோம் என்பதுபோல் ஒரு சுற்றுப் பார்த்தது.