கல்லின் மறுபக்கம்

தன் அப்பா விட்டுப்போன தேயிலைத் தோட்டத்தை விற்றுப் பல்கலைக்கழகத்துக்கு அறிவியல் கட்டடம் கட்டிக்கொடுத்தவள் கோசலை. திறப்புவிழாவுக்கு முந்தின நாள் வாசலில் நின்று கல்வெட்டைப் படித்தாள். ‘திருமதி ஞானவரதன் அறிவியல் மாளிகை.’

“அது என் வீட்டுக்காரர் பேரு. நான் இயற்பியல் படிக்கக் கூடாதுன்னு நிறுத்தினவர் அவர். என் பேரைப் போடுங்க.”

“நாளைக்கு அமைச்சர் வர்றார்மா. புதுக் கல்லுக்கு நேரமில்லை,” என்றார் பதிவாளர்.

“இதையே பெயர்த்துத் திருப்பிப் பின்பக்கத்துல வெட்டச் சொல்லுங்க.”

சொல்லிவிட்டு அங்கேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

மறுநாள் அமைச்சர் திரையை விலக்கினார். மெருகேறாத கல்லில் ‘கோசலை’ என்று மட்டும் இருந்தது. முன்வரிசையில் ஞானவரதன் தலையைக் குனிந்துகொண்டார். கோசலை எழுந்துபோய், அந்தச் சொரசொரப்பில் விரல் வைத்து, எழுத்தெழுத்தாகப் படித்தாள்.