மூன்று தடவை பார்த்த கணக்கு

எந்த வேகத்தில் விமானம் தரையை விட்டு எழும்ப வேண்டும் என்று விமானிகள் இருவரும் வழக்கம்போலத் தங்கள் திரைகளில் தனித்தனியே கணக்குப் போட்டார்கள். விடைகள் ஒத்துப்போகவில்லை.

"பையனுக்குக் காய்ச்சல் விட்டுச்சாம்மா?" என்று கேட்ட கேப்டன், கொட்டாவியை அடக்கினார்.

"விடியக்காலைலதான் விட்டுச்சு. அது இருக்கட்டும் சார், உங்க கணக்கு தப்பு," என்றாள் துணை விமானி.

"எனக்குச் சரியாத்தாம்மா தெரியுது."

"நான் மூணு தடவை பார்த்துட்டேன். கொட்டாவி விட்டுக்கிட்டே போட்டா இப்படித்தான். களைச்சுப்போனவங்க யாரா இருந்தாலும் இறங்கிடணும் சார்."

"பின்னால முந்நூறு பேர் உட்கார்ந்திருக்காங்கம்மா!"

"அவங்களுக்காகத்தான் சொல்றேன்."

அவர் முகம் சிவந்தது. இரண்டு திரைகளையும் எடைச்சீட்டோடு ஒப்பிட்டார். பிறகு அவள் திரையில் ஓர் எண்ணின் மேல் விரலை வைத்தார். விமானத்தின் எடையில் நூறு டன்னைக் குறைத்துப் போட்டிருந்தாள். அவள் சொன்ன வேகத்தில் விமானம் எழும்பியே இருக்காது.

"சரி, விடும்மா. அதான் கண்டுபிடிச்சாச்சே. திருத்திட்டுக் கிளம்பலாம்."

அவள் இருக்கைப் பட்டையைக் கழற்றினாள்.

"கண்டுபிடிச்சது நீங்க சார். நான் மூணு தடவை பார்த்தும் சரின்னு சாதிச்சேன். வேற ஆளைக் கூப்பிடுங்க, நான் இறங்குறேன்."