பதினோரு நிமிடம்

மருத்துவமனைத் தீவிர சிகிச்சைப் பிரிவின் கணினி நெட்வொர்க்கைத் தாங்கிய நான்கு ஸ்விட்சுப் பெட்டிகள் ஒன்றன்மேல் ஒன்றாக, ஒரே பெட்டிபோல இணைந்திருந்தன. அவற்றின் அமைப்பை மாற்ற, நெட்வொர்க் பொறியாளன் தில்லைநாயகம் மூன்று வாரம் கெஞ்சி வாங்கியது நான்கு நிமிடம். ஒவ்வொன்றாக அணைத்து எழுப்பினால் எதுவும் நிற்காது என்று நம்பியிருந்தான். இரண்டாவதை அணைத்ததும் நான்கும் சேர்ந்து படுத்துவிட்டன.

மாடியிலிருந்து தலைமைச் செவிலியர் ஜெசிந்தா போன் செய்தார். "தம்பி, எல்லாரோட நாடித்துடிப்பையும் காட்டுற எங்க டேபிள் ஸ்கிரீன் பூரா கறுப்பாயிடுச்சு. எட்டு பேஷண்ட் இருக்காங்க."

"ரெண்டே நிமிஷம் சிஸ்டர்."

"அஞ்சு நிமிஷம் ஆச்சு. ஆளுக்கொரு கட்டில் பக்கத்துல நாடி பிடிச்சுக்கிட்டு நிக்கிறோம்."

பச்சை விளக்குகள் எரிவதும் அணைவதுமாக இருந்தன. அவன் ஸ்விட்சுகளை அடுக்கியிருந்த ரேக்கின் இரும்புக் கதவை ஓங்கிக் குத்தினான். விரல் முட்டி கிழிந்ததுதான் மிச்சம். நான்கையும் முதல் ஸ்விட்சு நடத்த வேண்டியிருக்க, மூன்றாவது ஸ்விட்சு தானே தலைமை என்று அடம்பிடிப்பது அதற்குப் பிறகுதான் கண்ணில் பட்டது. அதன் கேபிளைப் பிடுங்கிவிட்டு மற்றவற்றை எழுப்பினான். பதினோராவது நிமிடம் இணைப்பு வந்தது.

"வந்துடுச்சு சிஸ்டர். இனி நீங்க டேபிளுக்குப் போகலாம்."

"மத்தவங்க போயிட்டாங்க தம்பி." ஜெசிந்தாவின் குரல் தணிந்திருந்தது. "ஏழாம் நம்பர் பெரியவர்தான் என் கைய விடமாட்டேங்கிறாரு."